சத்தம் கேளாமல் அரிஞ்ச சீற்

குப்பை போடுறதிலை எனக்கு வந்த களைப்பு இந்த நாட்டிலை வேற ஒண்டிலையும் வரேல்லை. வேலைக்களைப்பு ஒரு குளிப்போட போயிடும். இது போகாது. போத்திலுக்கு ஒரு இடம், அதிலையும் பச்சை வேற, வெள்ளை வேற. கடதாசியை நூலாலை கட்டி வைக்கோணும், மட்டையைத் தனிய மடிக்கோணும். மிச்சம் எல்லாத்துக்கும் டெஷெத்ரி. உடைஞ்ச அலுமாரி, கழட்டின வாஷ்பேசின், ரைல்ஸ் துண்டு, சீமெந்துக் கட்டி எண்டு சனம் வீடு திருத்தி மிஞ்சுற உடைசல் எல்லாத்தையும் காரிலை ஏத்திக் கொண்டுபோய்க் குடுக்கிற இடத்துக்கு எங்கட ரவுண் லா ஷோ-து-ஃபோன் பக்கம் அப்பிடித்தான் பேர்.

கிழமை முழுக்க நான் மணிக்கூட்டு ஃபக்ரறியிலை பூதக்கண்ணாடிக்குள்ளாலை சின்னச் சின்னப் பல்லுச் சில்லுகளைப் பாத்துப் பழுது பிடிக்கிற ஆள். வெள்ளி பின்னேரம் கண் ரெண்டும் எரியும். சனிக்கிழமை எண்டாலும் ஒரு பத்து மணி மட்டும் படுப்பம் எண்டால், விடுறாரோ என்ரை மனுசன்! "இஞ்சேர், எழும்பும், நேரத்தோட போனால் வரிசை இராது." ஒவ்வொரு முறையும் வரிசை இருக்கும். எனக்கு முன்னாலை ஆராவது ஒரு கிழவர் ஒரு ட்ரெயிலர் நிறைய வேலிக்கம்பு கொண்டு வந்து, ஒவ்வொண்டா ஆணி கழட்டி, ஆணியை இரும்புக்கும் கம்பை மரத்துக்கும் எண்டு பிரிச்சுப் போட்டுக்கொண்டு நிப்பார். நான் ஸ்ரியறிங்கிலை தலையைச் சாய்ச்சுக்கொண்டு கிடப்பன். கார் ஓடுறது நான்தான். அவருக்கு லைசென்ஸ் இல்லை. பிரெஞ்சு கதைக்கிறதும் நான்தான். அவர் முதியோர் இல்லத்துக் குசினியிலை பதினேழு வருஷமா வேலை. அங்கை "வி", "நோ", "மெர்சி" போதும் எண்டு இருந்திட்டார்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு தோட்டத்துண்டு கிடைச்சிருந்தது. ரவுணுக்கு வெளியிலை, பொதுத் தோட்டத்துக்குள்ளை, ஒரு சின்னக் கொட்டிலோட. பேர் குடுத்துப்போட்டு அஞ்சு வருஷம் பாத்துக்கொண்டிருந்த துண்டு. கொட்டிலுக்கு மேலை பழைய நெளி சீற். ஊரிலை கூரைக்குப் போடுற அதே சாம்பல் நிறச் சீற்தான். பாசி பிடிச்சு, ஓரம் எல்லாம் வெடிச்சுப் போய்க் கிடந்தது. தோட்டக் கமிற்றியிலை இருந்து கடிதம் வந்தது, கோடைக்கு முதல் கூரையை மாத்தோணும், பழசை ஒழுங்காக் கொண்டுபோய்ப் போடோணும் எண்டு. என்ரை மனுசனுக்குக் கடிதம் எண்டாலே பயம். அகதியா வந்து, மூண்டு முறை நிராகரிச்ச கடிதம் வாங்கின ஆள். இப்ப நிரந்தர விசா கையிலை இருந்தாலும் அந்தப் பயம் போகேல்லை.

உடனை ஒரு சனிக்கிழமை, தன்னோட வேலை செய்யிற சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு போய்த் தகரம் போட்டார். பழைய சீற் ஏழு இறக்கி வைச்சினம். சிநேகிதன்ரை வானிலை ஏத்திக்கொண்டு டெஷெத்ரிக்குப் போனால், கேற் பூட்டி அஞ்சு நிமிசம். அஞ்சே அஞ்சு நிமிசம்! உள்ளுக்கை அந்த ஒரேஞ்ச் ஜக்கெற் போட்ட மனுசன் நிண்டு கூட்டிக்கொண்டிருக்கிறார், கையைக் காட்டினால் மணிக்கூட்டைக் காட்டுறார். வானை உடனை திருப்பிக் குடுக்கோணும். வேற வழியில்லாமல் ஏழு சீற்றையும் எங்கட மாடிவீட்டுக்குக் கீழ, நிலத்துக்கடியிலை இருக்கிற சாமான் அறைக்குள்ளை கொண்டுவந்து சாத்தினம். நானும் ஒரு பக்கம் பிடிச்சுத்தான் இறக்கினனான். அதையும் சொல்லத்தான் வேணும்.

அந்தக் கீழறையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கோணும். எட்டு வீட்டுக்கும் எட்டுத் துண்டு. நடுவிலை சுவர் இல்லை, மரச்சலாகை அடிச்ச தட்டிதான். இஞ்சால நிண்டால் அங்கால் ஆளின்ரை சைக்கிளும் உருளைக்கிழங்குப் பெட்டியும் தெரியும். தட்டி முடியுற இடத்திலை துணி காயவிடுற அறை. அதுக்கும் கதவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. என்ரை சின்னக் காருக்குள்ளை அந்த நீளச் சீற் போகாது, அதாலை அரிஞ்சு துண்டாக்கினால் அடுத்த சனி கொண்டு போகலாம் எண்டு யோசிச்சிருக்கிறார். ஆனால் ஞாயிறு இஞ்சை சத்தம் போடக் கூடாது. ஆணி அடிக்கேலாது, புல்லு வெட்டேலாது. பதினேழு வருஷம் ஒரே வீட்டிலை இருக்கிறம், எங்களைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லு முறைப்பாடு சொன்னதில்லை. எங்கட கறி மணக்குது எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு குளிருக்குள்ளையும் யன்னலைச் சாத்தி வைச்சுக்கொண்டு காய்ச்சுற சனம் நாங்கள். அப்ப மனுசன் என்ன செய்தவர்? கிறைண்டர் பிடிச்சால் கேக்கும் எண்டு கைவாள் எடுத்திருக்கிறார். கீழறையின்ரை சின்ன யன்னலைச் சாத்தி, வெளிக்கதவைப் பூட்டி, கதவுக்குக் கீழ துவாய் அடைச்சு, மூண்டு மணித்தியாலம் மெல்ல மெல்ல அரிஞ்சிருக்கிறார்.

நான் மேலை இறைச்சி காய்ச்சிக்கொண்டு நிண்டன். மத்தியானம் கதவைத் திறந்தால், மா இடிச்ச ஆள் மாதிரித் தலை, புருவம், மீசை எல்லாம் சாம்பல் வெள்ளை. எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு.

"என்ன, புட்டு அவிக்கப் போறியளோ?"

"சிரியாதையும். ஏழும் முடிஞ்சுது. ஒரு குஞ்சுக்கும் சத்தம் கேட்டிருக்காது. கூட்டியும் போட்டன். ஒரு தூசு இல்லை, போய்ப் பாரும்."

நான் அவரின்ரை சேட்டை வாங்கி பல்கனியிலை நிண்டு உதறினன். பாராட்டினனான் வேற, கெட்டிக்காரன் எண்டு. இப்ப நினைக்க எனக்கு என்னிலையே ஆத்திரம் வருது.

அடுத்த சனி டெஷெத்ரிக்குப் போனம். வரிசை, கிழவர், எல்லாம் வழமை போல. எங்கட முறை வந்து நான் டிக்கியைத் திறந்தன். ஒரேஞ்ச் ஜக்கெற்காரர் எட்டிப் பாத்தார். பாத்திட்டு ரெண்டு அடி பின்னாலை போனார். இத்தினை வருஷத்திலை அந்த மனுசன் எத்தினையோ முறை என்னை ஏசியிருக்கிறார், மரத்துக்குள்ளை பிளாஸ்டிக் போட்டதுக்கு, நேரம் பிந்தி வந்ததுக்கு. பின்னாலை போய் நான் கண்டதில்லை.

"மூடுங்கோ. உடனை மூடுங்கோ, மேடம். இது அமியான்ற். ஆர் இதை வெட்டினது?"

அமியான்ற் எண்டால் எனக்குத் தெரியும். அஸ்பெஸ்டஸ். ஃபக்ரறியிலை பழைய கட்டடம் உடைச்ச நேரம் எங்களைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் படம் போட்டு விளங்கப்படுத்தினவை. முழுசா இருந்தால் பரவாயில்லை, உடைச்சால், அரிஞ்சால் தூசு நெஞ்சுக்குள்ளை போய் இருக்கும், காலம் கழிச்சுப் புற்றுநோய் வரும் எண்டு. அதுவும் இதுவும் ஒண்டெண்டு என்ரை மண்டையிலை ஏறேல்லை. ஊரிலை அஸ்பெஸ்டஸ் சீற் எண்டு வாய்நிறையச் சொல்லித்தான் வாங்கினது. அந்தப் பேரையே சொல்லிச் சொல்லிப் பழகி, அதிலை பயப்பட ஒண்டும் இல்லாமல் போச்சு.

"என்னவாம்?" எண்டு மனுசன் தமிழிலை கேட்டார்.

"இது நஞ்சாம். எங்கை வைச்சு வெட்டினது எண்டு கேக்கிறார்."

"தோட்டத்திலை எண்டு சொல்லும். கீழறை எண்டு வாய் திறவாதையும்."

நானும் அப்பிடித்தான் சொன்னன். வெளியிலை, தோட்டத்திலை, எண்டு. அந்த ஆள் பெருமூச்சு விட்டார். "நல்ல காலம். வெளியிலை எண்டால் காத்து கொண்டு போயிடும். பூட்டின இடம் எண்டால் அது போகாது. நிலத்திலை, துணியிலை எல்லாம் படிஞ்சு கிடக்கும். கூட்டக் கூட்ட எழும்பும்." பிறகு தடிச்ச பிளாஸ்டிக் பையும் முகமூடியும் கொண்டுவந்து தந்தார். ரெண்டு பைக்குள்ளை சுத்தி ஒட்டி, செவ்வாய்க்கிழமை சொல்லிப்போட்டுக் கொண்டு வாங்கோ எண்டார். முதல் முறையா என்னோட அன்பாக் கதைச்சார். அது இன்னும் உறுத்தினது.

வீட்டை வந்த உடனை நான் கீழ இறங்கினன். துணி அறையிலை கொடியிலை சின்னச் சின்னக் காற்சட்டை, பனியன், கரடி போட்ட படுக்கைச் சட்டை. முதலாம் மாடியிலை இருக்கிற போர்த்துக்கல் பொம்பிளை காயப் போட்ட உடுப்பு. தனிய இருக்கிறவள், சுப்பர் மார்க்கெற்றிலை காசாளர் வேலை, ரெண்டு வயசுப் பெடியன் ஒருத்தன். அவளுக்குத் துணி தோய்க்கிற முறை சனிக்கிழமை. சனி தோய்ச்சுப் போட்டால் திங்கள்தான் எடுப்பாள்.

மேலை போய் மனுசனைக் கேட்டன்.

"போன ஞாயிறு அந்தப் பெடியன்ரை உடுப்பு கொடியிலை தொங்கினதோ?"

அவர் ரீவியைப் பாத்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"ஓம். தொங்கினது."

"ஐயோ, என்ரை கடவுளே."

அண்டைக்குத் தொடங்கினது சண்டை. நான் சொல்லுவம் எண்டன், அவர் வேண்டாம் எண்டார். "சொன்னால் கட்டடம் பாக்கிற ரெஜிக்காரன் எங்களை வீட்டை விட்டு எழுப்புவான். இந்த வயசிலை எங்கை போறது? தோட்டமும் போகும். அவளுக்கும் சும்மா பயம்தான் மிஞ்சும். நடந்தது நடந்து போச்சு, சொல்லி என்ன வரப்போகுது?" பிறகு வழமையான கதை. "ஊரிலை என்ரை அக்கா சீற்றுக்குக் கீழதானே படுத்து எழும்புறா. ஒரு வருத்தம் இருக்கோ அவவுக்கு?"

அது உண்மைதான். ஊரிலை போர் முடிஞ்சு, 2009க்குப் பிறகு, இடிஞ்சு கிடந்த மச்சாளின்ரை வீட்டுக்கு இஞ்சை இருந்து காசு அனுப்பிச் சீற் போடுவிச்சது நாங்கள்தான். நான் அவவுக்கு ரெலிபோன் எடுத்தன். கூரையிலை துளை கிளை போட வேண்டாம் மச்சாள், வெடிச்ச துண்டைத் தொட வேண்டாம் எண்டு சொன்னன். அவ கேட்டுப்போட்டுச் சிரிச்சா. "உங்களுக்கு அங்கை போனாப் பிறகு தண்ணியும் பயம், காத்தும் பயம். நாங்கள் ஷெல்லுக்குள்ளை இருந்து வந்தனாங்கள் பிள்ளை." ரெலிபோனை வைச்சன். அவ பெரிய மனுசி, தெரிஞ்சும் தன்ரை பாட்டிலை இருக்கிறா. கீழ இருக்கிற பெடியனுக்கு ஒண்டும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சீற்றைக் கட்டிக் கொண்டுபோய்க் குடுத்தம். அந்த ஆள் என்னைப் பாத்துத் தலையாட்டினார், நல்ல மனுசி எண்டு நினைச்சிருப்பார். திரும்பி வரேக்கை பெற்றோல் செற்றுக்குப் பக்கத்திலை காரை நிப்பாட்டினன்.

"நான் இண்டைக்குச் சொல்லப் போறன்," எண்டன். "நீங்கள் வந்தால் வாங்கோ, வராட்டில் விடுங்கோ. வாற சனியும் அவள் தோய்ச்சு அங்கைதான் போடுவாள். ஒவ்வொரு கிழமையும் போடுவாள். எனக்கு இதோட இருக்கேலாது."

அவர் யன்னலாலை வெளியிலை பாத்துக்கொண்டிருந்தார். ஆனால் பின்னேரம் நான் செருப்பைப் போட, அவரும் எழும்பிச் சேட்டை மாத்தினார்.

அவள் கதவைத் திறந்தாள். பெடியன் காலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டான், வாயிலை பிஸ்கற். நான் சொல்லத் தொடங்கினன். எனக்கும் அவளுக்கும் பிரெஞ்சு இரவல் பாஷை. பதினேழு வருஷமா நான் அவளோட, அவளுக்கு முன்னம் இருந்தவையோட, "பொன்ஜூர்", "குளிரா இருக்கு" எண்டதுக்கு மேலை கதைச்சதில்லை. இப்ப முதல் கதையே இது. எல்லாம் சொல்லி முடிச்சன். பிறகு கேட்டாள், "எந்த ஞாயிறு?" சொன்னன். குனிஞ்சு பெடியனைப் பாத்தாள். அவன் போட்டிருந்தது அந்தக் கரடிச் சட்டை. அதைக் கழட்டினாள். எங்களுக்கு முன்னாலையே, வாசல்லை வைச்சு, தலைக்கு மேலாலை கழட்டி, அதைக் கையிலை பிடிக்கவும் தெரியாமல் கீழ போடவும் தெரியாமல் நிண்டாள். பெடியன் குளிருது எண்டு அழுதான். எனக்கு அந்த இடத்திலை செத்துப் போகலாம் போல கிடந்தது.

அவள் கத்தேல்லை. கத்தியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

பிறகு நடந்தது எல்லாம் கடிதமும் ரெலிபோனும்தான். வீட்டை நிர்வகிக்கிற ரெஜிக்கு நானே அறிவிச்சன். ஆக்கள் வந்து கீழறையைப் பூட்டி, சிவப்பும் வெள்ளையுமா நாடா கட்டிச்சினம். தலை முதல் கால்மட்டும் வெள்ளை உடுப்பு, முகத்திலை பெரிய மாஸ்க். நாலு நாள் உறிஞ்சித் துடைச்சினம். கீழறையிலை துணியும் மட்டைப்பெட்டியுமா இருந்ததெல்லாத்தையும், எங்கடதோட சேத்து எட்டு வீட்டாற்றையும், பைக்குள்ளை கட்டிக் கொண்டு போச்சினம். மூண்டாம் மாடிக் கிழவியின்ரை நத்தார்ச் சாமான் பெட்டியும் போச்சு. படியிலை கண்டால் எல்லாரும் இப்பவும் "பொன்ஜூர்" சொல்லுவினம். சொல்லிப்போட்டுக் கெதியாப் போயிடுவினம். வீட்டை விட்டு எழுப்பேல்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மனுசன் அதை மடிச்சு அலுமாரிக்குள்ளை வைச்சார்.

டொக்டரிட்டைப் போனம். அவர் எல்லாம் கேட்டுப்போட்டு, ஒரு நாள், மூண்டு மணித்தியாலம், ஆபத்துக் குறைவு எண்டார். இல்லை எண்டு மட்டும் சொல்லமாட்டாராம். இப்ப பாக்க ஒரு ரெஸ்ற்றும் இல்லையாம். வந்தால் இருபது வருஷம், முப்பது வருஷம் கழிச்சுத்தான் வருமாம். வெளியிலை வந்து மனுசன், "முப்பது வருஷம் எண்டால் எனக்கு எண்பத்தாறு. அதுக்குள்ளை வேற ஏதும் வந்து கொண்டு போயிடும், யோசியாதையும்" எண்டு பகிடி விட்டார். பஸ் தரிப்பிடம் மட்டும் நடந்தம். அங்கை வைச்சு, "அந்தப் பெடியனுக்கு முப்பத்திரண்டு" எண்டார்.

ரெண்டு கிழமை கழிச்சு, ஒரு வெள்ளி பின்னேரம், அவள் எங்கட கதவைத் தட்டினாள். ஒரு பேனையும் கோடு போட்ட கடதாசியும் கொண்டு வந்திருந்தாள். உள்ளுக்கை வரச் சொன்னன். குசினி மேசையிலை இருந்தாள். தேத்தண்ணி வேண்டாம் எண்டாள்.

"பிள்ளையின்ரை டொக்டர் சொன்னவர், எல்லாத்தையும் எழுத்திலை வாங்கி வைக்கச் சொல்லி," எண்டாள். "இவன் வளந்து ஒரு நாள் வருத்தம் எண்டு போனால், அங்கை கேப்பினம், அமியான்ற் பட்டதோ எண்டு. இவனுக்கு ஞாபகம் இராது. நான் இருப்பனோ தெரியாது. நீங்களும் இருக்க மாட்டியள். அதாலை எழுதித் தாங்கோ. என்ன திகதி, எங்கை, எவ்வளவு நேரம்."

கோவமாச் சொல்லேல்லை. களைச்ச குரல். நாள் முழுக்க காசாளர் இருக்கையிலை இருந்து வந்தவளின்ரை குரல். எனக்கும் அதே களைப்புத்தான். நான் கடதாசியை இழுத்து எழுதத் தொடங்கினன். என்ரை பிரெஞ்சு எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை எழுத்து. திகதி எழுதினன், கீழறை எழுதினன், ஏழு சீற், கைவாள், யன்னல் சாத்தியிருந்தது, மூண்டு மணித்தியாலம். பெடியன்ரை பேர் முழுசாக் கேட்டு எழுதினன். அவள் பக்கத்திலை இருந்து ஒவ்வொரு வரியா வாசிச்சுக்கொண்டிருந்தாள். பிழையா எழுதின ஒரு சொல்லைத் திருத்தியும் விட்டாள்.

மனுசன் சிங்குக்குப் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தார். "என்ன எழுதியிருக்கிறீர், வாசியும்" எண்டார். தமிழிலை சொன்னன். கேட்டு முடிச்சுப்போட்டு, "இன்னும் ஒண்டு இருக்கு" எண்டார்.

"என்ன இன்னும்?"

"உமக்கு நான் சொல்லேல்லை." அவர் அவளைப் பாக்கேல்லை, என்னையும் பாக்கேல்லை. "அரிஞ்சு முடிய, கொடியிலை பாத்தன். அந்தச் சின்ன உடுப்பெல்லாம் தூசு. தோய்ச்சுப் போட்ட உடுப்பு, பாவம், பாத்தால் ஏசுவாள் எண்டு நினைச்சன். ஒண்டொண்டா எடுத்து நல்லா உதறி, கையாலை தட்டித் திரும்பக் கொழுவினனான். அதுக்குப் பிறகுதான் கூட்டினது. அதையும் எழுதும்."

பேனை என்ரை கையிலை நிண்டு போச்சு. அவள் என்னைப் பாத்தாள். "என்ன சொல்லுறார்?"

நான் சொன்னன். வாயாலை சொல்லுறதுக்கே பிரெஞ்சிலை சொல்லுத் தேட வேண்டியிருந்தது. அவள் மேசையிலை கையை வைச்சாள். பிறகு கேட்டாள்.

"எத்தினை உடுப்பு?"

அவரைக் கேட்டன்.

"எல்லாம்," எண்டார்.

எழுதினன்.